இரட்டையர் ஆட்டம் இரண்டாம் தரமன்று

ஒற்றையரில் தேறாதவர்களின் புகலிடமே பெண்கள் இரட்டையர் பிரிவு என்னும் வாதத்துக்கு வரலாற்றில் சான்றில்லை. ஒற்றையரில் 18 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் வென்ற மார்ட்டினா நவ்ரத்திலோவா, பெண்கள் இரட்டையரில் 31 வென்றார். வில்லியம்ஸ் சகோதரிகள் இணைந்து ஆடிய 14 கிராண்ட் ஸ்லாம் இறுதிகளிலும் வென்றனர். இவர்களில் யார் புகலிடம் தேடி வந்தவர்?

இன்றைய முன்னணி வீராங்கனைகள் பலர் ஒதுங்குகிறார்களே என்பார்கள். உண்மைதான், ஆனால் அவர்களை விலக்குவது நெருக்கமான அட்டவணையும் குறைந்த பரிசுத்தொகையுமே, ஆட்டத்தின் தரமன்று. 2015 விம்பிள்டன் இறுதியில் மூன்றாம் செட்டில் 2-5 எனப் பின்தங்கிய சானியா மிர்சா–மார்ட்டினா ஹிங்கிஸ் இணை, 7-5 என மீண்டு பட்டம் வென்றது. வலையோரம் நொடிப்பொழுதில் இருவர் ஒருமனதாக முடிவெடுப்பது தனிக்கலை. அதைச் சிறிய ஆடுகளங்களுக்குத் தள்ளிவிட்டு, கூட்டமில்லை என்று குறைகூறுவது நியாயமாகாது.