களைப்பு வேறு, சலிப்பு வேறு

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் சாலையில் அமைந்துள்ளது திருப்புலிவனம். வியாக்ரபாத முனிவர் பூசித்த தலமாதலின் இறைவனுக்கு வியாக்ரபுரீசுவரர் என்பது திருநாமம். வண்டு தீண்டுமுன் மலர் பறிக்க வேண்டி, இருளில் மரமேறிச் சறுக்கிய அம்முனிவர், புலிக்காலும் புலிக்கண்ணும் வேண்டிப் பெற்றார். உழைப்பைக் குறைத்தருளும்படி அவர் கேட்கவில்லை. உழைக்கத்தக்க காலையே கேட்டார்.

எல்லோருக்கும் புலிக்கால் வாய்ப்பதில்லை. பிராகாரத்தை ஒருமுறை வலம் வந்ததும் தூணடியில் அமர்ந்துவிடும் முதியோர், "முன்போல் முடியவில்லையே, பக்தி குறைந்துவிட்டதோ" என ஏங்குவது எக்கோயிலிலும் காணக்கூடியது. அவ்வேக்கம் சொற்களைக் கலந்து கொள்வதால் வருவது.

உழைத்த உடலில் தங்குவது களைப்பு. நடந்து மூச்சு வாங்குவது இளைப்பு. உடல் மெலிவதற்கும் அதுவே பெயர். அசதி ஒரு தூக்கத்தில் நீங்கும். மூப்பினால் வருவது தளர்ச்சி. இவை யாவும் உடலைச் சார்ந்தவை. செய்ததையே செய்வதில் மனம் கசந்து போவதுதான் சலிப்பு. அது இருபது வயதிலும் வரலாம், எண்பதிலும் வராதிருக்கலாம்.

அயர்வு என்னும் சொல்லோ விந்தையானது. சோர்வைக் குறிக்கும் அதே 'அயர்தல்', சங்க நூல்களில் விழா எடுத்தலையும் வெறியாடலையும் குறிக்கும். மறதி என்பது அதன் மற்றொரு பொருள். திருவாய்மொழியின் முதற் பாசுரத்தில் நித்தியசூரிகளைப் பற்றி வரும் இச்சொல்லுக்கு உரையாசிரியர்கள் கொண்ட பொருளும் மறதியே. கால் ஓய்ந்தது அந்த அயர்வாகாது. நினைவு ஓய்ந்தால்தான் ஆகும்.

கயிலைக்குப் புறப்பட்ட திருநாவுக்கரசரைப் பெரியபுராணம் காட்டுவதும் இதையே. முதுமையில் நடந்தார், பாதம் தேய்ந்ததும் கையூன்றித் தவழ்ந்தார், கையும் தேய மார்பால் நகர்ந்தார், பின் புரண்டார். உடல் முற்றும் ஓய்ந்தது, உள்ளத்தில் சலிப்பில்லை. முனிவராய் வந்த பெருமான் அவரைத் திரும்பிப் போகச் சொன்னார், அவர் இசையவில்லை. பிறகு ஒரு பொய்கையில் மூழ்கச் செய்து திருவையாற்றில் எழச் செய்தார். கயிலைக் காட்சி அங்கேயே கிட்டியது. நடக்க இயலாதவரை மேலும் நடக்கவிடாமல், காட்சியைச் சோழநாட்டிற்கே கொண்டுவந்த கருணை அது.

களைப்பு இழிவன்று என்பதற்கு ஆலய வழக்கே சான்று. பெருவிழா முடிந்தபின் நடைபெறும் விடையாற்றி உற்சவத்தை அறியாதார் இலர். விடை என்றால் ரிஷபம் எனக் கொண்டு, வாகனத்தின் களைப்பை ஆற்றுவது என்பர் பலர். 'விடாயாற்றி' என்றும் இதற்குப் பெயருண்டு. விடாய் என்பது தாகம், களைப்பு. தேரிலும் வாகனங்களிலும் வீதிவலம் வந்த பெருமானுக்கே இளைப்பு உண்டெனக் கருதி, அதனை ஆற்ற ஒரு விழா வைத்தனர் நம் முன்னோர். எத்தனை பரிவான கற்பனை! மயிலை கபாலீசுவரர் கோயிலில் பங்குனிப் பெருவிழாவை அடுத்து வரும் விடையாற்றி நாட்களில், மாலைதோறும் இறைவன் திருமுன் இசையும் நாட்டியமும் நிகழும். பெருமான் அமர்ந்து கேட்கிறார். எதிரே முதியோரும் அமர்ந்து கேட்கின்றனர்.