மரம் இளைக்குமா?

ஒரு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை, மன்னிக்கணும். மலேசியாவில் பாசோ காட்டில் மரம் எண்ணிக்கிட்டிருந்தேன். (இதுக்கா இவ்வளவு படிப்புன்னு அம்மா கேட்டாச்சு. அட்டைக்கடி பத்தித் தனிப்பதிவு வரும்.)

நெகிரி செம்பிலானில் இருக்கிற இந்தக் காட்டில் 1980களின் நடுவில் 50 ஹெக்டேரை அளந்து கட்டம் பிரிச்சாங்க. நெஞ்சு உயரத்தில், அதாவது 1.3 மீட்டரில், 1 சென்டிமீட்டர் விட்டம் இருக்கிற கன்னுக்கும் நம்பர் தகடு உண்டு. 3 லட்சத்துக்கும் மேலே மரங்கள், 800க்கும் அதிகமான இனங்கள்! சில வருஷத்துக்கு ஒருமுறை அதே மரத்தை அதே இடத்தில் திரும்ப அளக்கணும். எது வளருது, எது சாகுது, எந்த அரிய இனம் தேயுதுன்னு அப்படித்தான் தெரியும்.

மூணாவது நாள் சொதப்பிட்டேன். பலகை வேர் புடைச்ச பெரிய மரம். ஏணி போட்டு வேருக்கு மேலே அளக்கணும். போன தடவை அடிச்ச பெயின்ட் கோடு கண்ணில் படலை. நானா ஒரு இடத்தில் டேப்பைச் சுத்தி, நம்பரைச் சொல்லிட்டேன். கீழே தாளோட நின்ன அண்ணன் (எஸ்டேட்டில் வளர்ந்தவர்) சிரிச்சார்.

"ஏன் தம்பி, மரம் இளைக்குமா?"

பழைய கணக்கைவிட 8 சென்டிமீட்டர் கம்மி. திரும்ப ஏறித் தேடினா, கோடு ஒரு முழம் கீழே பாசிக்குள்ளே ஒளிஞ்சிருக்கு. அவர் கேட்காம விட்டிருந்தா நல்லா வளர்ற மரம் கணக்கில் மெலிஞ்சிருக்கும்.

அன்னிக்கு நான் அளந்த பெரிய மரம் அத்தனையையும் மறுநாள் திரும்ப அளந்தோம். இன்னும் ரெண்டு தப்பு.