‘மாடு மேய்க்கத்தான் லாயக்கு’ என்றவர்களுக்கு நாம் சொல்லும் பதில்

படிப்பில் பின்தங்கிய பிள்ளையைப் பார்த்து ஆசிரியர்கள் சொல்லும் பழைய வசவு ஒன்று உண்டு: ‘நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு.’ எல்லாப் பிள்ளைகளுக்கும் அது வெறும் வசவு. காலனியிலிருந்து வந்த பிள்ளைக்கு அது தன் வீட்டுக் கதை. அவன் தாத்தா உண்மையிலேயே அடுத்தவர் மாட்டை மேய்த்தவர். அந்த வசவை வாங்கி வளர்ந்தவர்களில் நானும் ஒருவன். அதனாலேயே ‘கால்நடை’ என்ற சொல் வந்தால் விலகிப் போகும் பழக்கம் நம்மிடம் ஒட்டிக்கொண்டது. அந்த விலகலால் நம் பிள்ளைகள் எதை இழக்கிறார்கள் என்று இந்த வாரம் பார்ப்போம்.

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை போகும் சாலையில் மத்திகிரி இருக்கிறது. அங்குள்ள அரசு கால்நடைப் பண்ணை 1824-இல் தொடங்கப்பட்டது. இருநூறு ஆண்டுகளைத் தாண்டிய அந்தப் பண்ணைக்கு 1,600 ஏக்கருக்கு மேல் நிலம் உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரியும் அதே மத்திகிரியில்தான் இயங்குகிறது. கோழியினத் தொழில்நுட்பத்தில் நான்கு ஆண்டு பி.டெக். பட்டம் தரும் கல்லூரி அது. அந்த வாசலைத் தாண்டித்தான் நம் பிள்ளைகள் ஷிப்ட் பஸ்ஸில் சிப்காட்டுக்குப் போகிறார்கள். ப்ளஸ் டூ முடித்த கையோடு ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேருகிறார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் அடுத்த கம்பெனி வாசலில் பயோடேட்டாவுடன் நிற்கிறார்கள்.

‘படித்தும் மாட்டோடும் கோழியோடும்தான் மாரடிக்க வேண்டுமா?’ என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். செத்த மாட்டைத் தூக்குவது, தோலை உரிப்பது, அந்தத் தோலில் பறை கட்டி அடிப்பது, சாணி அள்ளுவது என்று கால்நடையின் பெயரால் சாதி நம் தலையில் கட்டிய வேலைகள் பல. 1927 மார்ச்சில் மகாட் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர், செத்த மாட்டை இழுக்காதீர்கள், அந்த இறைச்சியை உண்ணாதீர்கள் என்று நம் மக்களைக் கேட்டுக்கொண்டார். மானத்தை அடகு வைத்துச் செய்யும் வேலையைத்தான் அவர் விடச் சொன்னார். அறிவையும் உடைமையையும் விடச் சொல்லவில்லை.

சாதி செய்த பங்கீட்டைக் கவனியுங்கள். உயிரோடு இருக்கும் மாட்டின் பால் அவர்களுக்கு, செத்த மாடு நமக்கு. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமை குறித்து நடந்த ஆய்வு 2006-இல் நூலாக வந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் தலித்துகள் பால் ஊற்ற முடியாத நிலை ஏறக்குறைய பாதி கிராமங்களில் இருந்ததாக அது பதிவு செய்தது. நாம் மேய்க்கலாம், கழுவலாம், தீவனம் வைக்கலாம். கறந்து விற்றால் தீட்டு. ஆகவே கால்நடை அறிவியல் படிப்பது குலத்தொழிலுக்குத் திரும்புவது ஆகாது. நம்மிடம் மறுக்கப்பட்ட பாதியைக் கேட்டு வாங்குவது அது.

அந்தப் படிப்பில் என்ன இருக்கிறது? என் பாட்டி பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி வைத்திருந்தார். ஒரு கோடையில் வெள்ளைக் கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் கூடை காலியானது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார் பாட்டி. அது இராணிக்கெட் என்னும் வைரஸ் நோய். அதற்குத் தடுப்பூசி உண்டு. பிப்ரவரி மாதத்தில் கால்நடைத் துறை அதற்கென்றே முகாம் நடத்துகிறது. பாட்டி இழந்தது அவருடைய ஒரே சேமிப்பு. அதைக் காத்திருக்கக்கூடிய அறிவு காலனிக்குள் வந்து சேரவில்லை.

கறிக்கோழிப் பண்ணையிலும் அறிவுதான் பணம். ஒரு கோழி ஒரு கிலோ எடை போட ஏறக்குறைய 1.6 கிலோ தீவனம் தின்னும். கவனிப்பு சரியில்லாமல் அது 1.7 கிலோ ஆனால் என்ன ஆகும்? 5,000 கோழி, தலைக்கு 2 கிலோ என்றால் மொத்த எடை 10,000 கிலோ. கூடுதலாகப் போகும் தீவனம் ஒரு டன். உற்பத்திச் செலவில் பெரும்பகுதி தீவனம்தான். லாபமும் நட்டமும் அந்த ஒரு டன்னில் இருக்கிறது. இந்தக் கணக்கு தெரிந்தவர் மேலாளர். தெரியாதவர் அதே ஷெட்டில் மூட்டை தூக்குபவர். இன்று நம் குடும்பங்கள் பல, பண்ணைக்குள்ளேயே தங்கி மூட்டைதான் தூக்குகின்றன.

மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய செய்திகள் சில. ப்ளஸ் டூவில் உயிரியல், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் கால்நடை மருத்துவத்துக்கும் கோழியினத் தொழில்நுட்பத்துக்கும் விண்ணப்பிக்கலாம். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது. ப்ளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. பட்டியல் சாதியினருக்கு 18 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் என்பது 2009 முதல் சட்டம். இத்தகைய உள் ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1 அன்று தீர்ப்பளித்தது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு 2021 முதல் இந்தப் படிப்புகளுக்கும் பொருந்தும். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பி.டெக். முடித்தவர் கால்நடை மருத்துவர் ஆக முடியாது. ஊசி போடும் மருத்துவராக அரசு வேலைக்குப் போக வேண்டுமானால் ஐந்தரை ஆண்டு கால்நடை மருத்துவப் பட்டம் வேண்டும். கோழியினத் தொழில்நுட்பம் படித்தவருக்குக் குஞ்சு பொரிப்பகம், தீவன ஆலை, பெரிய பண்ணை, முட்டை மற்றும் இறைச்சி பதப்படுத்தும் ஆலை ஆகியவை வேலைக்களம். சேருவதற்கு முன்பே இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் எல்லைப் பகுதிக்கென்று தனிச் சிக்கலும் உண்டு. ஆனேக்கல்லில் பெண் எடுப்பதும் அத்திப்பள்ளியில் வேலை தேடிக் குடியேறுவதும் இங்கே சாதாரணம். ஆனால் ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதிச் சான்று இன்னொரு மாநிலத்தில் இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. 1990-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வளரும் பிள்ளை, விண்ணப்பம் போடும் வாரத்தில் தாலுகா அலுவலகத்தில் அலைகிறது. பத்தாம் வகுப்பிலேயே சாதிச் சான்று கையில் இருக்க வேண்டும்.

படிப்பு மட்டும் போதுமா? போதாது. பட்டம் வாங்கிய பிள்ளை சொந்தமாகப் பண்ணை வைக்க நினைத்தால் முதல் கேள்வி நிலம். ஒப்பந்தக் கோழி வளர்ப்பில் கம்பெனி குஞ்சும் தீவனமும் மருந்தும் தரும். ஷெட்டும் தண்ணீரும் மின்சாரமும் நம்முடையதாக இருக்க வேண்டும். 5,000 கோழிக்குக் கிட்டத்தட்ட 5,000 சதுர அடி ஷெட் வேண்டும், அதுவும் குடியிருப்பை விட்டுத் தள்ளி. மூன்று சென்ட் வீட்டுமனைப் பட்டாவில் எங்கே ஷெட் போடுவது? தேசிய கால்நடை இயக்கம் கிராமக் கோழிப் பண்ணைக்கு 50 சதவீத மானியமாக 25 லட்சம் ரூபாய் வரை தருகிறது. மீதியைப் புரட்டவும் நிலத்தைக் காட்டவும் முடிந்தவருக்குத்தான் அது கிடைக்கும். தாட்கோவின் நன்னிலம் திட்டத்தில் நிலமற்ற பெண்கள் நிலம் வாங்க 5 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. ஓசூர் சுற்றுவட்டார ரியல் எஸ்டேட் விலைக்கு அது எந்த மூலைக்கு?

ஆகவே அரசிடம் நம் கோரிக்கை மூன்று. ஒன்று, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஒவ்வொரு அரசு மேல்நிலைப் பள்ளியின் ப்ளஸ் டூ மாணவர்களையும் ஆண்டுக்கு ஒரு நாளாவது மத்திகிரி கல்லூரிக்குள் அழைத்துச் சென்று காட்ட வேண்டும். இரண்டு, 1892-இல் நம் மக்களுக்கென ஒதுக்கப்பட்டு, பிறர் கைக்குப் போன பஞ்சமி நிலங்களை மாவட்டவாரியாகக் கண்டறிந்து மீட்க வேண்டும். மூன்று, நிலம் மீளும்வரை காத்திருக்காமல், அரசு நிலத்தில் பொது ஷெட்டுகள் கட்டி, பயிற்சி முடித்த நிலமற்ற தலித் பெண்களுக்கும் பட்டதாரிகளுக்கும் நீண்டகாலக் குத்தகைக்குத் தர வேண்டும். கம்பெனிகளுக்காகச் சிப்காட்டில் நிலம் எடுத்துக் கொடுக்கத் தெரிந்த அரசுக்கு இது முடியாத காரியம் அல்ல.

பெற்றோர்களே, பிள்ளை கால்நடை படிக்கிறேன் என்றால் முகம் சுளிக்காதீர்கள். அவன் தாத்தா அடுத்தவர் மாட்டை மேய்த்தார், கூலி கேட்க முடியாமல். பேத்தி அதே மாட்டுக்கு மருந்து எழுதட்டும், கட்டணம் வாங்கிக்கொண்டு. அந்த வசவுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.