யந்திரமும் கணக்கும்

என்ஜினீயரிங் பட்டம் பெற்ற நம் வாலிபர்களில் பலர், அத்துடன் நில்லாது, வியாபார நிர்வாகப் பட்டத்தையும் நாடுகின்றனர். இவ்விரு கல்விகளும் ஒருவரிடத்தே சேர்வது நன்றா என்பது கேள்வி. நன்று என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் அவை சேரும் முறைதான் நமக்குக் கவலை தருகின்றது.

யந்திரத்தின் நுட்பம் அறிந்தும் கணக்கின் நுட்பம் அறியாதவன், நல்ல சரக்கைச் செய்து நஷ்டத்திற்கு விற்பான். கணக்கு மட்டும் அறிந்தவனோ, யந்திரத்தின் தேய்மானத்தை ஏட்டில் காண்பானேயன்றி, உலைக்களத்தில் காணமாட்டான். 1906-ல் தூத்துக்குடியில் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை நிறுவிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் சரித்திரத்தைத் தமிழர் மறக்கலாகாது. கப்பல் இருந்தது, தீரம் இருந்தது, ஜனங்களின் ஆதரவும் இருந்தது. எனினும் அன்னியக் கம்பெனி கட்டணத்தைத் தாழ்த்திப் போர் தொடுத்தது. சர்க்காரின் அடக்குமுறையும் அதனுடன் சேர்ந்தது. 1911-ல் கம்பெனி கலைந்தது. ஒரு தொழிலை ஆரம்பிப்பது வேறு, போட்டியில் அதை நிலைநிறுத்துவது வேறு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அமெரிக்கர் இதனை முன்னரே உணர்ந்தனர். மஸாச்சுஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1914-லேயே என்ஜினீயரிங் நிர்வாகத்தைத் தனிப் பாடமாக வைத்தது. 1961-ல் கல்கத்தாவில் தோன்றிய நிர்வாகக் கல்வி நிலையத்திற்குத் துணை நின்றதும் அக்கழகத்தின் நிர்வாகப் பள்ளியே.

நிற்க. அதே கழகத்தில் 1895-ல் மின்சார என்ஜினீயரிங் பட்டம் பெற்ற ஆல்பிரெட் ஸ்லோன், நேரே நிர்வாகப் பீடத்தில் ஏறிவிடவில்லை. பேரிங் செய்யும் ஒரு தொழிற்சாலையில் படம் வரைபவராகப் புகுந்தார். 1923-ல் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவரானபோது, பட்டறையின் அனுபவம் அவருக்குப் பின்பலமாக இருந்தது.

நம் நாட்டில் நடப்பதென்ன? நிர்வாகக் கல்வி நிலையங்களில் சேருவோரில் பெரும்பகுதியினர் என்ஜினீயர்களாகவே இருந்து வந்திருக்கின்றனர். அவர்களிற் பலர் ஒரு நாளேனும் தொழிற்சாலையில் வேலை செய்யாதவர். பட்டம் பெற்றபின் பாங்குகளுக்கும் ஆலோசனைக் கம்பெனிகளுக்கும் சென்று விடுவோரும் பலர். அதிக ஊதியம் தேடுவது குற்றமன்று. ஆயினும் ஜனங்களின் வரிப்பணத்தில் பயின்ற யந்திரக் கல்வி, யந்திரத்தை விட்டு ஓடுவதற்கு ஏணியாகுமானால், அது தேசத்திற்கு நஷ்டமேயாகும்.

ஆகையால் நாம் கூறுவது இரண்டு. அடக்க விலை, மூலதனம், சந்தை ஆகியவற்றை என்ஜினீயரிங் கல்லூரியிலேயே ஒவ்வொரு மாணவனுக்கும் கற்பித்தல் வேண்டும். நிர்வாகப் பட்டத்தை நாடுவோர், இரண்டு மூன்று வருஷங்களாவது பட்டறையில் உழைத்த பின்னரே அதனை நாட வேண்டும். கையில் எண்ணெய்க் கறை படிந்தபின் பேனாவைப் பிடிப்பவனே தொழிலை நடத்த வல்லவன். வாலிபர்களும், அவர்தம் பெற்றோரும், கல்வி அதிகாரிகளும் இதனை ஆழ்ந்து சிந்திப்பார்களாக.