கையைக் கைவிடலாமா?

பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துவிட்டால், "இனி அவ்வளவுதான்" என்று பல வீடுகளில் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு.

கை கெடவில்லை. மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்கிறது, அல்லது வெடிக்கிறது. கைக்கு உத்தரவு போடும் இடம் பழுதாகிறது. மூளையின் மற்றப் பகுதிகள் அந்த வேலையை ஓரளவு கற்றுக்கொள்ள முடியும். எழுதப் பழகும் பிள்ளை ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதுவதுபோல், கையும் ஒரே அசைவைப் பல நூறு முறை செய்யவேண்டும்.

நல்ல கைக்கு உறை!

அமெரிக்காவில் 222 நோயாளிகளிடம் ஓர் ஆராய்ச்சி நடந்தது. எல்லாரும் விரலை ஓரளவு அசைக்கக்கூடியவர்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நல்ல கையில் உறை மாட்டி, பலவீனமான கைக்கு இரண்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். கை தேறியது. ஓர் ஆண்டு கழித்தும் பலன் நிலைத்தது. 2006-ல் இது வெளிவந்தது. ஒரு கை பலம் குன்றிய குழந்தைகளுக்கும் இம்முறை உதவுகிறது. ஆனால், டாக்டரைக் கேட்காமல் வீட்டில் செய்யக்கூடாது.

அன்பு மட்டும் போதுமா?

வீட்டாருக்கே பயிற்சி சொல்லிக்கொடுத்தால் போதாதா? இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில், 1,250 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். கூடுதல் பலன் இல்லை என்று 2017-ல் தெரிந்தது. வீட்டாரின் அன்பு வேண்டும். தேர்ந்த பயிற்சியாளரும் வேண்டும்.

கருவியும் வந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியும் சேர்ந்து 'புளூட்டோ' என்ற சிறு கருவியை உருவாக்கியிருக்கின்றன. அதன் பிடியைப் பிடித்து மணிக்கட்டைத் திருப்பினால், எதிரே திரையில் விளையாட்டு நகரும். சலிப்பில்லாமல் பழகலாம்.

பக்கத்தில் வேண்டும்

தாம்பரத்துக்காரர் சென்னை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக, பூங்கா நிலையம் வரை மின்சார ரயில் ஏறவேண்டும். கை, கால் விழுந்தவர் அந்தக் கூட்டத்தில் எப்படி நிற்பார்? துணைக்கு வருகிறவருக்கு அன்றைய கூலி போகும். ஒரு வாரம் போவார்கள். மறு வாரம் நின்றுவிடுவார்கள்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறைப் பயிற்சியை வீட்டுக்கே கொண்டுசென்றது. அது நல்ல தொடக்கம். அதோடு, தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், வண்டலூர் என ஊருக்கு ஊர் தினசரிப் பயிற்சிக்கு இடமும், ஆளும், கருவியும் வேண்டும்.

எல்லாருக்கும் கை முழுதாகத் திரும்பாது. தன் சோற்றைத் தானே பிசைந்து உண்ணும் அளவுக்குத் திரும்பினாலும் அது பெரிய காரியம்தான். மாத்திரை வாங்கத் தெருவுக்குத் தெரு கடை இருக்கிறது. கைக்கு மருந்து பயிற்சி. அதுவும் கிட்டத்திலேயே கிடைக்கவேண்டும்.