ஃபோல்டருக்குப் போகும் வழியும் ஒரு தொழில் அறிவுதான்

2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தோடு போயின. மேல்விஷாரம் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குள் வந்தது. பேரணாம்பட்டு வேலூரிலேயே நின்றது. இந்த ஊர்களில் தோல் பதனிடும் எந்தத் தோல் ஷாப்பும் ஓரடி நகரவில்லை. லெட்டர்பேடிலும் ரப்பர் ஸ்டாம்பிலும் முகவரியின் கடைசி வரி மட்டும் மாறியது. அதற்கு முப்பது ஆண்டுக்கு முன், 1989இல் வடஆற்காடு பிரிந்தபோதும் இப்படித்தான். அந்த மாற்றங்களில் ஒரு நியாயம் இருந்தது. ஆட்சியர் அலுவலகத்துக்கு அலையும் தூரம் குறையும் என்று காரணம் சொன்னார்கள். பழைய கிரையப் பத்திரத்தில் வடஆற்காடு என்று எழுதியிருப்பதால் அது செல்லாது என்று யாரும் சொல்லவில்லை. பழைய பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவரும் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

இதே ஊர்களின் ஏற்றுமதி அலுவலகங்களில் இப்போது இன்னொரு முகவரி மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. 2015இல் வந்த விண்டோஸ் 10க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. இனி விண்டோஸ் 11க்கு மாற வேண்டும். பழைய கம்ப்யூட்டர் பலவற்றில் அது ஏறாது என்பதால் மெஷினையே மாற்ற வேண்டும். ஃபைல்கள் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்குப் போகும் வழி மாறிவிட்டது. மேசையில் இருப்பவரிடம் காரணத்தை யாரும் சொல்லவில்லை, பழைய வழியைக் கண்முன் விட்டுவைக்கவும் இல்லை. இது சின்ன விஷயம், நாலு நாளில் பழகிவிடும் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஒதுக்கக் கூடாது என்பதுதான் என் வாதம். ஃபோல்டருக்குப் போகும் வழி தெரிந்திருப்பது ஒரு தொழில் அறிவு. அதை மாற்றுகிறவர்தான் அந்த மாற்றத்தின் செலவை ஏற்க வேண்டும். இன்று அந்தச் செலவு முழுவதும் மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவர் தலையில் விழுகிறது.

ஒரு ஷூ அப்பர் ஆர்டர் அலுவலகத்தில் எத்தனை ஃபைலாகக் கிடக்கும் என்று பாருங்கள். வாங்குபவரின் பெயரில் ஒரு ஃபோல்டர். அதற்குள் சம்மர், வின்டர் என்று சீசன் வாரியாக. அதற்குள் ஆர்ட்டிகிள் நம்பர், அதற்கும் உள்ளே ஷேடு. பர்ச்சேஸ் ஆர்டர், சாம்பிளுக்கு ஒப்புதல் வந்த மெயில், தோலின் லாட் நம்பரும் சதுர அடிக் கணக்கும், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், கடைசியில் வங்கியில் பணம் வந்ததற்கான சான்று. இதோடு சோதனைக்கூட அறிக்கை. 2015 மே முதல், உடலில் படும் தோல் பொருள்களில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் இருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க முடியாது. அந்த அறிக்கையைக் கேட்ட நேரத்தில் எடுத்துக் கொடுக்க முடியாவிட்டால் சரக்கு நிற்கும். இதற்கெல்லாம் மேலாக, 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தோல் கழிவுநீர் குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து, கழிவுநீர்க் கணக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையும் இந்தப் பகுதியின் தோல் ஷாப்புகளுக்கு உயிர்நாடி. பாலாற்று மாசு சம்பந்தப்பட்ட வழக்கில் 2025 ஜனவரியில் வந்த தீர்ப்பு அந்தப் பொறுப்பை இன்னும் இறுக்கியிருக்கிறது. பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு காகிதம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தெரிந்தவர், டிரம்மில் சாயம் ஏறியதைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும் மேஸ்திரிக்கு இணையானவர். அவர் கைக்குள் இருக்கும் அறிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அந்தக் கை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் விஷயம் விளங்கும். பழைய விண்டோஸில் ஒரு ஃபைல் மீது ரைட் கிளிக் செய்தால் நீளமான பட்டியல் விழும். கட், காப்பி, டெலிட், ரீநேம் எல்லாம் எழுத்தில், வழக்கமான வரிசையில் இருக்கும். 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11இல் அந்த நான்கும் வெறும் குறிப்படங்களாகிப் பட்டியலின் ஓரத்துக்குப் போயின. அந்தப் படவரிசை சில நேரம் மேலே வரும், சில நேரம் கீழே வரும். திரையில் எந்த இடத்தில் கிளிக் செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. மற்றவற்றில் பல ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ என்ற ஒற்றை வரிக்குள் ஒளிந்துகொண்டன. ஆம்பூர் அலுவலகங்களில் பேச்சு தமிழிலும் உருதுவிலும் நடக்கிறது, திரை மட்டும் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லையும் படித்துப் பார்த்து யாரும் கிளிக் செய்வதில்லை. மேலிருந்து நாலாவது, இடது ஓரம் இரண்டாவது என்று இடத்தை வைத்தே கை போகிறது. ஆங்கிலம் சரளமாக வராதவருக்கு அந்த இடம்தான் எழுத்து. இடத்தை மாற்றினால் அவருடைய எழுத்தையே மாற்றியதாகிறது. வடிவமைப்பாளர் உட்கார்ந்திருக்கும் ஊரில் இது கண்ணில் பட வழியில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல், மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவ். புதிய கம்ப்யூட்டரை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கும்போது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய ஃபோல்டர்கள் ஒன்டிரைவுக்குள் போய் உட்கார்ந்துகொள்வது உண்டு. திரையில் பார்த்தால் எல்லாம் பழைய இடத்தில் இருப்பதுபோலவே தெரியும், உண்மையான பாதை வேறாகியிருக்கும். பழைய பாதையை நம்பி ஒன்றோடொன்று கோத்து வைத்த எக்செல் ஷீட்டுகள் அன்றைக்கே அறுந்துபோகக்கூடும். இலவசமாகத் தருவது 5 ஜிபி இடம். தோல் ஷேடு போட்டோக்கள் நிறைந்த ஃபோல்டருக்கு அது எந்த மூலைக்கு?

மாற்றத்துக்கு முணுமுணுப்பவர்கள் கற்றுக்கொள்ளச் சோம்பல்படுகிறார்கள் என்பது வழக்கமான பதில். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு ஃபோல்டரிலிருந்து அதன் தாய் ஃபோல்டருக்கு ஏற, மேல்நோக்கிய அம்புக்குறியோடு ஒரு பட்டன் இருந்தது. 2007இல் பரவலாக விற்பனைக்கு வந்த விஸ்டாவில் அதை எடுத்துவிட்டார்கள். விண்டோஸ் 7இலும் அது இல்லை. புகார் ஓயவில்லை, 2012இல் விண்டோஸ் 8இல் அந்த பட்டன் திரும்பி வந்தது. அதே விண்டோஸ் 8இல் ஸ்டார்ட் பட்டனை எடுத்தார்கள். அடுத்த ஆண்டே 8.1இல் திருப்பிக் கொடுத்தார்கள். விண்டோஸ் 11 வந்தபோது டாஸ்க்பாரில் ஒவ்வொரு ஜன்னலும் பெயரோடு தனித்தனியாக நிற்கும் வசதி போனது, 2023இல் திரும்பியது. ரைட் கிளிக்கில் எழுத்தில்லாமல் விட்ட அந்தக் குறிப்படங்களுக்கும் 2024ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்துச் சேர்த்தார்கள். எடுத்தவரே மறுபடி கொண்டுவந்து வைத்த கணக்கு இது. அப்படியென்றால் முணுமுணுத்தவர் சொன்னதில் நியாயம் இருந்திருக்கிறது. எடுத்ததற்கும் வைத்ததற்கும் நடுவே போன ஆண்டுகளில் கோடிக்கணக்கானோர் தினமும் நாலு கிளிக் கூடுதலாகச் செய்திருக்கிறார்கள். அந்த நேரத்துக்கு யாரும் பில் போடவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது பாதுகாப்பு. பழைய விண்டோஸை வைத்துக்கொண்டு இணையத்தில் உலவுவது ஆபத்து. வாங்குபவரின் மெயிலைப் போலவே போலி மெயில் அனுப்பி, வங்கிக் கணக்கு எண்ணை மாற்றிச் சொல்லிப் பணத்தைப் பறிக்கும் கூட்டம் இருக்கும்போது பாதுகாப்பு அப்டேட் இல்லாத மெஷினில் ஏற்றுமதி வேலை பார்க்கக் கூடாது. இதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பூட்டை மாற்றுவது வேறு, வாசலை இடம் மாற்றுவது வேறு. நல்ல பூட்டுப் போட வேண்டும் என்பதற்காகக் கிழக்கு வாசலை அடைத்துவிட்டு வடக்கே வாசல் வைக்க வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பது நிறுவனத்தின் விருப்பம். பாதுகாப்பு அதைக் கேட்கவில்லை.

ஃபோல்டர் எதற்கு, தேடினால் கிடைக்குமே என்பது அடுத்த வாதம். தேடுவதற்குப் பெயர் தெரிய வேண்டும். ஸ்கேன் செய்யும்போது மெஷின் தானாக வைத்த எண்ணோடு கிடக்கும் பிடிஎஃப்பை எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது? ஆம்பூர் என்பதையே ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். அலுவலகம் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் நெட்வொர்க் டிரைவை விண்டோஸ் முன்கூட்டியே அட்டவணைப்படுத்தி வைப்பதும் இல்லை. அங்கே தேடச் சொன்னால் சுற்றிக்கொண்டே இருக்கும். தேடலால் கிடைக்காத ஒன்றும் ஃபோல்டரில் உண்டு. ஒரு ஆர்டரின் ஃபோல்டரைத் திறந்ததும் எது இருக்கிறது என்பதோடு எது இன்னும் வரவில்லை என்பதும் தெரியும். சோதனை அறிக்கை இல்லாமல் சரக்கு கிளம்பப் போகிறது என்பதை எந்தத் தேடலும் தானாக வந்து சொல்லாது.

இளைஞர்கள் பழகிவிடுவார்கள் என்கிறார்கள். பழகுவார்கள், உண்மைதான். ஆனால் செல்போனில் வளர்ந்த தலைமுறைக்கு ஃபோல்டர் என்ற எண்ணமே புதிது. போனில் எடுத்த போட்டோ எங்கே சேமிக்கப்படுகிறது என்று அவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் வரவில்லை. ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற கேள்வியே மாணவர்களுக்குப் புரியவில்லை என்று அமெரிக்கப் பேராசிரியர்கள் சிலர் 2021இல் சொன்னார்கள். ஆக, மூத்தவருக்குத் தெரிந்த வழி அடைபடுகிறது, இளையவருக்கு வழி என்ற ஒன்று இருப்பதே தெரியவில்லை. அலுவலகத்தில் இந்த இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கத் திரை ஒன்றுபோல நிற்க வேண்டாமா?

லினக்ஸுக்கு மாறலாமே என்று கேட்பவர்களின் கருத்தில் பாதி எனக்கு ஏற்பு. அங்கேயும் மாற்றம் வந்தது. 2011இல் லினக்ஸின் திரை அமைப்புகளில் ஒன்றான குனோம் தன் முகத்தையே மாற்றிக்கொண்டது. பழைய முகம் வேண்டும் என்றவர்கள் அதே நிரலை எடுத்து ‘மாட்டே’ என்ற பெயரில் தொடர்ந்தார்கள்; இன்றும் அது ஓடுகிறது. பழைய வழியை உயிரோடு வைத்திருப்பது நடக்காத காரியமல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. ஆனால் கணக்கு டேலி மென்பொருளில் ஓடுகிறது, டேலி விண்டோஸுக்கு எழுதப்பட்டது. ஓர் ஏற்றுமதி அலுவலகத்தை நாளைக்கே லினக்ஸுக்கு மாறச் சொல்வது இன்னும் பெரிய வழி மாற்றத்தை அவர்கள் தலையில் ஏற்றுவதுதான்.

பெரிய நிறுவனத்தின் முடிவை ஆம்பூரிலிருந்து திருத்திவிட முடியாது. அலுவலகத்துக்குள் நடப்பது நம் கையில் இருக்கிறது. தோலைச் சீவும் புது ஷேவிங் மெஷின் வந்தால் அன்றைக்கே நல்ல தோலை அதில் விடுவாரா யாராவது? மெக்கானிக் நிற்பார், கழிவுத் தோலை விட்டுப் பார்ப்பார்கள், கனம் சரியாக வருகிறதா என்று அளந்து அளந்து திருகுவார்கள். அந்த நாள்களின் உற்பத்திக் குறைவை முதலாளி ஏற்றுக்கொள்கிறார். அலுவலகத்துக்குப் புது கம்ப்யூட்டர் வந்தால் மட்டும் காலையில் மாட்டிவிட்டு மதியத்துக்குள் இன்வாய்ஸ் கேட்கிறோம். தாமதமானால், ‘இத்தனை வருஷமா கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கே, இது தெரியாதா?’ என்று கேட்கிறோம். அவருக்கு வேலை தெரியும். வழியைத்தான் மாற்றிவிட்டார்கள்.

தோல் ஷாப், ஷூ கம்பெனி முதலாளிகளுக்கு என் வேண்டுகோள் இது. கன்டெய்னர் கிளம்பும் வாரத்தில் அலுவலகக் கம்ப்யூட்டரை மாற்றாதீர்கள். இரண்டு சீசனுக்கு நடுவே மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று மூத்த ஊழியரைச் சொல்லச் சொல்லி ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மெஷினை அமைக்க வருபவரிடம், ஃபைல் எக்ஸ்ப்ளோரர் ‘திஸ் பிசி’யில் திறக்கும்படியும், டெஸ்க்டாப் ஒன்டிரைவுக்குப் போகாதபடியும் வைக்கச் சொல்லுங்கள், இரண்டுக்கும் செட்டிங் இருக்கிறது, பத்து நிமிட வேலை. பழைய கம்ப்யூட்டரை இணையத்திலிருந்து கழற்றி, ஒரு மாதமாவது புதியதன் பக்கத்திலேயே வைத்திருங்கள். பழகுவதற்கு ஒரு வாரம் கொடுங்கள், அந்த வாரத்துக்கும் முழுச் சம்பளம் கொடுங்கள்.