ஒரு நாள் உழைப்பு வீணல்ல

இந்தோனேசியாவின் லொம்போக் தீவையொட்டி உள்ள கிலி டிராவங்கனில் கடலடியில் இரும்புச் சட்டங்களை நிறுத்தி, அவற்றில் குறைந்த அழுத்த மின்சாரம் செலுத்துகிறார்கள். கடல்நீரின் தாதுக்கள் கம்பிமேல் சுண்ணாம்பாகப் படிகின்றன. உடைந்து கிடக்கும் பவளத் துண்டுகளை அதில் கட்டினால் அவை பற்றிக்கொண்டு வளர்கின்றன. வுல்ஃப் ஹில்பெர்ட்ஸும் தாமஸ் கோரோவும் வளர்த்தெடுத்த ‘பயோராக்’ முறை இது. இத்தகைய பணிகளில் ஒரு நாள் கைகொடுக்க வரும் பயணிகளை நான் மனதார வரவேற்கிறேன். இந்த உழைப்பு வீண் என்று தோன்றலாம்: கடல் வெப்பத்தால் பவளங்கள் நிறமிழக்கும் வெளிறல், உலக அளவில் நான்காவது முறையாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. கடல் சூடாகிக்கொண்டே போனால் கட்டிய துண்டும் வெளிறும் என்பது உண்மைதான். ஆனால், பவளம் உயிருள்ளது என்று கையால் உணர்ந்தவர் அதன்மேல் நங்கூரம் வீசப்படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். இத்தகைய பணியில் சேரப் பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: உடைந்த துண்டுகளை மட்டும்தான் கட்டுகிறார்களா? நாம் திரும்பிய பிறகு அவற்றைப் பராமரிப்பது யார்? உள்ளூர் மீனவருக்கு இதில் வேலையும் வருமானமும் உண்டா? மூன்றுக்கும் தெளிவான பதில் சொல்பவர்களோடு மட்டும் கடலில் இறங்குங்கள்.